முனியப்பன் ஏத்தம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கும் டெம்போவில் கிளீனராக ஏறி, பிறகு அதே டெம்போவை ஓட்டி, கடைசியில் அதையே விலைக்கு வாங்கியவன். வத்தலக்குண்டு சாலையில் கருவேலம் மண்டிக் கிடந்த மேட்டை என் கையாலேயே வெட்டிச் சமப்படுத்தி, தகரக் கூரை போட்டு, பழைய வண்டி வாங்கி விற்பதையும் மரியாதையான தொழிலாகச் செய்யலாம் என்று திண்டுக்கல்லுக்குக் காட்டியவன். அன்றைக்கு என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லாத வங்கியில் இன்றைக்கு மேலாளராக இருப்பவர், கார் மாற்ற வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் போடுகிறார். காந்திகிராமத்தில் படித்த என் மகள் இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். எவன் தயவும் இதில் கிடையாது. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் எழுதப்போவது என் மச்சானைப் பற்றி. அவர் பேச்சை எடுத்துவிட்டால் ஊரில் யார் கண்ணுக்கும் நான் தெரிவதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. அவருடைய மகன், எனக்கு மருமகன் முறை, செல்போனில் வீடியோ போடுகிறான். பழைய கார் வாங்கும்போது என்ஜின் சத்தத்தை எப்படிப் பிரித்து அறிவது என்று பாடம் நடத்துகிறான். நன்றாகத்தான் சொல்கிறான், குறை சொல்ல முடியாது. போன வாரம் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். சிறுமலை ஏற்றத்தில், முனியப்பன் கோயில் வளைவில் நின்றுகொண்டு, “இதுதான் எங்கப்பா கண்டுபிடிச்ச முனியப்பன் டெஸ்ட்” என்கிறான். கீழே எத்தனையோ பேர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டிருந்தார்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த டெஸ்ட்டைக் கண்டுபிடித்தது அவன் அப்பா இல்லை, நான்.

மச்சானுடைய காதைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் ஒரு நீளமான திருப்புளி இருந்தது. அதன் முனையை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். மேலே இருந்து சன்னமாக டிக் டிக் என்றால் வால்வைத் தட்டுகிற டேப்பட். அதற்கு இடைவெளியைச் சரிசெய்தால் போதும், பயப்பட வேண்டாம். காலையில் முதல் தடவை கிளப்பும்போது மட்டும் கேட்டு, சூடானதும் மறைந்தால் சைலன்ஸர் இணைப்பில் புகை கசிகிறது. கீச்சென்று கத்தினால் பெல்ட். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று இடித்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, அந்த வண்டிப் பக்கமே போகக்கூடாது. இதையெல்லாம் அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்திருக்கும் என் கையைப் பார்த்து, “செத்த கைய எடு மாப்ள, அது பேசட்டும்” என்பார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

கடை என்னுடையது, முதல் என்னுடையது, பேசி விற்பது நான். ஆனால் உள்ளே நுழைகிறவன் முதலில் கேட்பது, “உங்க மச்சான் இல்லியாண்ணே?” என்பதுதான். இல்லை என்றால் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவான். ஒரு நாள் யாருமில்லாத நேரம் பார்த்து நானும் அந்தத் திருப்புளியை எடுத்து ஒரு என்ஜினில் வைத்துக் கேட்டேன். இரைச்சல்தான் கேட்டது. வீட்டில் மிக்ஸியை ஓடவிட்டு அதன் மேல் வைத்தும் பார்த்தேன். என் மனைவி சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டு, “எங்கண்ணன் காது எங்கப்பன் வழி. உங்களுக்கு வாய் மட்டுந்தேன் வாச்சிருக்கு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அது இன்னும் சிரிப்பாக மாறவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சின்னாளபட்டியிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தக்காரர்கள் நெய்கிற சேலைகளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு வேன் வேண்டும் என்றார். இந்த ஒரு வண்டிக்குத்தான் அவரால் முடியும். இது ஏமாற்றிவிட்டால் மறுபடி ஒன்று வாங்க அவரிடம் எதுவும் மிச்சமிருக்காது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் தன் டீசல் வேனை விற்க என்னிடம் சொல்லி வைத்திருந்தார். இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வண்டி பார்க்க யாரும் தனியாக வரமாட்டார்கள். அம்மா, மனைவி, பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி என்று குடும்பத்தோடு பூ வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சின்னாளபட்டிக்காரரும் அப்படியேதான் வந்தார். வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்றால் பக்கத்தில் ஒரு கோயிலுக்குப் போய் வருவதுதான். கண்ணாடியில் மணி கட்டியிருக்கும், பெண்கள் பேச்சு நிற்காது, பிள்ளைகள் கத்தும், கற்பூரம் வாங்கியாச்சா என்று ஒரு குரல். என்ஜின் என்ன சொல்கிறது என்று எவன் கேட்பான்? விற்கிறவனுக்கு இது தெரியும். கோயிலையும் அவனேதான் சொல்வான். எப்போதும் சமதளத்தில் இருக்கிற கோயிலாகப் பார்த்துச் சொல்வான்.

காய்கறி வியாபாரியும் அப்படித்தான் ஒரு பிள்ளையார் கோயிலைச் சொன்னார். தானே ஓட்டினார். “பொன்னாட்டம் வெச்சிருந்தேனுங்க. பொம்பளப்புள்ளயக் கட்டிக் குடுக்கற மாதிரி மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும் மச்சான் திருப்புளியை வைத்தார். கண்ணை மூடினார். “டேப்பட் சத்தந்தேன். அத டைட் பண்ணிட்டா வண்டி பட்டு மாதிரி ஓடும்” என்றார். சின்னாளபட்டிக்காரரின் அம்மா மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார். சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டால் அது அவர்கள் வண்டி. அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறுத்தியது. கோயிலுக்குப் போய் வரும்போது மச்சான் பின் சீட்டில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோயிலுக்குப் போக நேர் வழி மேம்பாலம். இந்த வியாபாரி பாலத்தில் ஏறாமல், சந்தைச் சந்துக்குள் நுழைந்து, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். திரும்பும்போதும் அப்படியே. ஏற்றம் என்றால் ஒருவன் எதற்குப் பயப்படுவான்? வாழைத்தார் டெம்போ ஓட்டிய காலத்தில் நானே கண்டிருக்கிறேன். கீழே பசு மாதிரி வருகிற வண்டி, சிறுமலை முதல் வளைவில் பாரத்தோடு ஏறும்போது தன் நோயையெல்லாம் கொட்டிவிடும். கெட்டியான எண்ணெயை ஊற்றி வைத்திருந்தால் சமதளத்தில் எந்தத் திருப்புளிக்கும் அது கேட்காது.

பாரம் ஏற்றி மலையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார். நான் அப்படிக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக, “பெரியம்மா, எங்க கடையில வண்டி எடுத்தா மொதப் பழம் மலை முனியப்பனுக்குத்தேன். கைகண்ட சாமி. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்” என்றேன். அப்படி ஒரு வழக்கம் அதுவரை கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் பிறந்ததுதான்.

வியாபாரியின் முகம் மாறியது. “ஏனுங்க, இப்பத்தானுங்களே சாமி கும்புட்டோம்?”

“ஒரு சாமியக் கும்புட்டா இன்னொரு சாமி கோவிச்சுக்குமாக்கும்?” என்றார் அந்த அம்மா. “ஏறுங்கடி எல்லாரும்.”

எங்கள் ஜில்லாவில் என்ஜினைத் திறந்து காட்ட மாட்டேன் என்று சொல்கிறவன் உண்டு. கோயிலுக்கு வரமாட்டேன் என்று பெண்கள் முன்னால் சொல்கிறவன் கிடையாது. இதுதான் நான் கண்டுபிடித்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். மொத்தக் குடும்பமும் பாரமாக உட்கார்ந்திருக்க, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். முனியப்பன் வளைவு வருவதற்குள் அடியிலிருந்து டொக் டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டது. “அப்பத்தா, யாரோ கதவத் தட்றாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னது. பேச்செல்லாம் நின்றுபோனது. வியாபாரி துண்டால் முகத்தைத் துடைத்தார். வண்டியை ஓரங்கட்டினேன்.

இந்த இடத்தில்தான் மச்சான் என் தலையில் கல்லைப் போட்டார். என்னைத் தவிர எல்லாரையும் இறக்கிவிட்டு, எனக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. அப்போது இடி அடங்கினால் கோளாறு அங்கேதான். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அப்படியே அமுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு, “மூணாவது ராடு பேரிங். போச்சு” என்றார்.

வியாபாரி பதறிப்போய், “எங்கூரு மெக்கானிக்கும் மூணாவதுன்னுதானுங்க சொன்னான்! நீங்க எப்பிடிங்க...” என்று வாயை விட்டுவிட்டார்.

சின்னாளபட்டிக்காரரின் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை மச்சானின் தலையைச் சுற்றி முனியப்பன் முன்னால் வைத்துக் கும்பிட்டார். மச்சான் தலையை! ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கீழே டேப்பட் என்று சொன்னவர் அவர். மேலே கூட்டிக்கொண்டு போனவன் நான்.

அந்தக் குடும்பத்துக்கு வேறு நல்ல வேன் பார்த்துக் கொடுத்தோம். கதை ஊர் முழுக்கப் பரவியது. வண்டி வாங்க வருகிற எல்லாரும் முனியப்பனைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். விற்கிறவர்களில் சிலருக்குத் திடீர் திடீரென்று தீட்டு வர ஆரம்பித்தது. பங்காளி வீட்டில் சாவு, கோயிலுக்கு வரக்கூடாது என்பார்கள். தீட்டு என்று கேட்டதுமே பேரிங் போயிருக்கிறது என்று நான் முடிவு செய்துவிடுவேன், அது தப்பியதே இல்லை. கோயில் பூசாரிக்கு எலுமிச்சம்பழம் ஊறுகாய் போட்டு மாளவில்லை. அவரும் முதல் திருநீறு மச்சானுக்குத்தான் கொடுத்தார். யாராவது மச்சானைப் புகழ்ந்தால் அவர் வெட்கமாகச் சிரித்து என்னைக் கை காட்டுவார். “மாப்ளதேன் வண்டி ஓட்டுனாரு” என்பார். பெருந்தன்மையாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். கேட்டவர்கள் நான் டிரைவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் இறந்த அன்று தெரு முழுக்க வண்டிகள் நின்றன. நான் விற்ற வண்டிகள்தான் பாதிக்கு மேல். தலை நரைத்துப்போன சின்னாளபட்டிக்காரர் வந்து அவர் காலடியில் நின்று, “என் குடும்பத்த மலை மேல கூட்டிட்டுப் போயிக் காப்பாத்துன மனுசன்” என்று அழுதார். நான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிணத்தின் தலைமாட்டில் என் மனைவி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். அன்றைக்கு விட்டுவிட்டேன். அழவும் செய்தேன். அந்தக் காது இனி இந்த ஊரில் யாருக்கும் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? அவர் போன பிறகும் அதே காதின் மேல் எனக்குப் பொறாமை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாப்ள, இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். உன் அப்பாவின் காதை நீ எவ்வளவு வேண்டுமானாலும் புகழ்ந்துகொள், நானும் கூடவே கைதட்டுகிறேன். மூணாவது ராடு பேரிங் என்று சொன்னது அவர்தான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அந்த வளைவு என்னுடையது. பாலத்தைச் சுற்றிப் போனவனைப் பிடித்தது நான், முனியப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நான். அந்த வீடியோவை எடுத்துவிட்டு, அதே வளைவில் நின்று இன்னொரு தடவை பேசு. எங்க மாமா வண்டி ஓட்டினார் என்று சொல்லி முடித்துவிடாதே. வண்டியை எங்கே ஓட்ட வேண்டும் என்று சொன்னவர் எங்க மாமா என்று சொல். பெயரை முழுசாகச் சொல், இனிஷியலோடு. உன் அப்பா பெயருக்கு அடுத்ததாகப் போட்டாலும் எனக்குச் சம்மதம் என்று எழுத நினைத்தேன். வேண்டாம். முதலில் என் பெயரைப் போடு.