சுசித்ராவின் சோப்பு டப்பா

விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து முடிக்கும்வரை சுசித்ரா கீபோர்டைத் தொடுவதில்லை. நாள் முழுக்க ஏலக்காய் பறித்த கை. கறை துடைத்தால் போகாது. ஆனாலும் துடைப்பாள். பிறகு வலது ஆள்காட்டி விரலை மட்டும் நம்பி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிப்பாள். அதற்கும் முன்னால், சுவரில் ஆணியில் தொங்கும் பச்சைச் சோப்பு டப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி உண்டு.

"என்னய்யா, முழிச்சிருக்கியா?"

டப்பாவுக்குள் இருப்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடுவது. காற்றுப் போவதற்காகக் கம்பியைக் காய்ச்சி டப்பாவில் துளை போட்டிருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் கறுப்பு ஒயர் சுவருக்குள் நுழைந்து, ஏலக்காய் காயும் அறைக்குள் போய்த் தொங்குகிறது. ஒயரின் நுனியில் சுண்டுவிரல் கணு அளவுக்கு ஓர் உலோகக் குமிழ். அறைக்குள் எவ்வளவு சூடு என்று குமிழ் சொல்லும். டப்பா அதை வைஃபையில் வீட்டு ரவுட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து அது மஸ்கட்டுக்குப் போகும். மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான் சுசித்ராவின் கணவன் இனியவன்.

குரங்கணிக்கு மேலே, ஜீப்புப் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது இவர்களுடைய ஸ்டோர். ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர். போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குச் சாம்பிள் எடுத்து வருவது என் வேலை. சாம்பிள் அள்ள ஒரு கைப்பிடி நேரம் போதும். ஜீப்பு கீழே திரும்பும்வரை சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பதுதான் மீதி.

சுசித்ரா சிலமலைக்காரி. வெயிலில் வளர்ந்து கல்யாணத்துக்குப் பிறகு பனிக்குள் வந்தவள். இனியவனுடைய பழைய ஸ்வெட்டரைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருப்பாள். பேசும்போது எதையாவது தரம் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய் இல்லாவிட்டால் சுள்ளிகளை நெட்டை, குட்டை என்று அடுக்குவாள். சிரிப்பு வந்தால் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். தோள் குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனியவனுக்கு மத்தியானத்திலிருந்து ஷிப்டு. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அது கைக்குத் திரும்பும்போது இவள் தூங்கியிருப்பாள். இவள் எழுந்து காட்டுக்குப் போகும்போது அவன் தூங்கியிருப்பான். பேச்சு வெள்ளிக்கிழமை மட்டும். ஆனால் வேலையில் அவன் முன்னால் ஒரு திரை உண்டு. கிடங்கு அறைகளின் குளிரைக் கண்காணிப்பது அவன் பொறுப்பு. அந்தத் திரையின் ஓரத்தில் இந்த ஸ்டோரின் சூட்டையும் ஒரு கோடாகத் திறந்து வைத்துக்கொள்வான். அத்தனை மைனஸ் பதினெட்டுகளுக்கு நடுவே ஒரே ஓர் ஐம்பது.

போன வருடம் சுசித்ரா என்னிடம் சொன்னது: "வெள்ளிக்கெழம போன எடுத்ததும் என்ன கேப்பாகங்கிறீக? சாப்பிட்டியான்னு இல்ல. செவ்வாக்கெழம சாயந்தரம் நாப்பதுக்கு எறங்கிருச்சே, என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேப்பாக. ஜக்கையண்ணன்கூட சண்டை போட்டுக்கிட்டு வெறகு போட மறந்துட்டோம்னு சொன்னேன். அங்கன சிரிக்கிறாக. நான் சண்டை போட்டத அங்க உக்காந்து பாத்துருக்காகல்ல."

ஜக்கையன் ஸ்டோரில் அடுப்பெரிப்பவர். அறுபதை நெருங்குகிறவர். விறகுக்கும் வெற்றிலைக்கும் மட்டும் கையையும் வாயையும் திறப்பேன் என்பார். உண்மையில் வாய் எல்லாவற்றுக்கும் திறக்கும்.

இந்த வருடம் பறிப்பு தொடங்கியதுமே கோடு அறுந்தது. சாயங்காலம் பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி அறைக்குள் ஏற்றி அடுப்பு மூட்டுவார்கள். இனியவன் பார்க்க உட்காரும் நேரமும் அதுதான். சரியாக அப்போது தொடர்பு போய்விடும். விடிந்து, காய் காய்ந்து இறக்கப் போகும் நேரத்தில் தானாக வந்துவிடும். அப்போது பார்க்க அங்கே ஆள் இல்லை.

"இப்பல்லாம் வெள்ளிக்கெழம கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே அவுகளுக்கு," என்று ஜக்கையனிடம் ஒரு நாள் சொன்னாள். "நல்லாருக்கியாங்கிறாக. நல்லாருக்கேங்கிறேன். பெறகு ரெண்டு பேரும் சும்மா போனப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்."

அதற்குப் பிறகுதான் அவள் டப்பாவோடு இணைத்திருந்த கறுப்புத் திரையோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கினாள். இனியவன் லீவில் இருந்தபோது கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தான். கடவுச்சொல்லை அடித்தால் லினக்ஸ் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. முதல் தடவை கீபோர்டு செத்துப்போனது என்று நினைத்துத் தட்டிப் பார்த்திருக்கிறாள். "கேக்குது. ஆனா கேட்டதாக் காட்டிக்கிடாது. அவுக வீட்டு ஆளுக எல்லாருக்கும் அந்தக் கொணம் உண்டு," என்றாள்.

பிங் என்று ஒரு கட்டளை. அதை அவள் ஜக்கையனுக்கு விளக்கியது இப்படி: "காட்டுக்குள்ள அந்தச் சரிவுல ஆள் நிக்குதான்னு ஓய்னு கூப்பிடுவோம்ல. அங்கிட்டுருந்து ஓய்னு வரணும். அதாண்ணே." காலையில் ஓய்க்கு ஓய் வரும். சாயங்காலம் இவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பதில் இல்லை என்ற வரி மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும்.

சிக்னல் எவ்வளவு என்று கேட்டால் அது மைனஸில் ஓர் எண்ணைச் சொல்லும். "மைனஸ் கூடக் கூட ஆள் தூரத்துல இருக்காருன்னு அர்த்தம்," என்பாள். காலையில் அறுபது. சாயங்காலம் எண்பதைத் தாண்டி, அப்புறம் எண்ணே இல்லை.

போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனோஜ், மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபை தானாகத் தூங்கிவிடும், அதை நிறுத்திப் பாருங்கக்கா என்றான். தூங்காதே என்று சொல்லும் கட்டளையைப் போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

"தூங்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டா தூங்காதா?" என்றார் ஜக்கையன். "அதக் கொஞ்சம் எம் மகனுக்கும் எழுதிப் போடாத்தா."

வைஃபை தூங்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் தொடர்பு போனது. கரண்டு கொடுக்கும் ஒயரை மாற்றினாள். ரவுட்டரைக் கூரையில் ஒரு முழம் உயர்த்திக் கட்டினாள். எலி கடித்திருக்குமோ என்று கறுப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தாள். கார்த்திகை மழையில் எல்லாரும் மழையைக் குற்றம் சொன்னார்கள். மழை விட்ட நாளிலும் போனது.

அன்று நானும் சாக்கின்மேல் இருந்தேன். ஜக்கையன் தட்டுகளைத் தூக்கி அறைக்குள் அடுக்கியபடி இனியவனை வைத்துக் கேலி பேசினார்.

"எங்க மாப்ள பச்சக் காயக் கண்டா ஓடிர்றாரு, காஞ்ச காயக் கண்டா வந்துர்றாரு. வெவரமான யாவாரிதான்."

சுசித்ரா திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. பிறகு குலுங்குவது நின்றது. திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஏத்துங்க."

"ஏத்திக்கிட்டுத்தான இருக்கேன்."

"ஒவ்வொரு வரிசையா ஏத்திட்டு எனக்குச் சொல்லுங்க."

ஒரு வரிசை. சிக்னல் மைனஸ் அறுபத்தாறு. இன்னொரு வரிசை. எழுபத்திரண்டு. எழுபத்தொன்பது. எண் போய்விட்டது.

"இப்ப எல்லாத்தையும் வெளிய எடுங்க."

"ஆத்தா, இப்பத்தான ஏத்துனேன். இடுப்பு ஒடைஞ்சுரும்."

"எடுங்கண்ணே, வெரசா. நானும் பிடிக்கிறேன்."

முனகிக்கொண்டே எடுத்தார். பாதித் தட்டுகள் வெளியே வந்ததும் எண் திரும்பி வந்தது. அவள் ஒரு பச்சைக் காயை எடுத்து நகத்தால் நசுக்கினாள். ஈரம் விரலில் இறங்கியது.

வீடு ஒரு பக்கம். டப்பா தொங்கும் அடுப்படி எதிர்ப்பக்கம். நடுவில் காயும் அறை. இந்தச் சிக்னல் அறையைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். போன வருடம் டப்பா வீட்டுப் பக்கம்தான் இருந்தது. ஜக்கையனும் பார்க்கட்டும் என்று இனியவன் அதை அடுப்படிக்கு மாற்றியது இந்தச் சித்திரையில், லீவுக்கு வந்தபோது. அறை காலி. எல்லாம் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. ஒரு காயைக்கூட உள்ளே வைத்துப் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டான்.

மனோஜ் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணி வைஃபைய முழுங்கிரும்க்கா. அத்தனை பச்சக் காயும் தண்ணிதான. எனக்கு ஓடவே இல்ல பாருங்க. டப்பாவ வீட்டுப் பக்கம் மாத்துங்க, ஒயர நீளமா இழுத்துக்கலாம்."

மறுநாளே மாற்றினாள். திரையும் டப்பாவும் அறைவாசலுக்கு, வீட்டுப் பக்கமாக வந்தன. அன்று சாயங்காலம் முழு லோடு ஏற்றி அடுப்பு மூட்டியபின் ஓய் என்று கூப்பிட்டாள். ஓய் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை என்ன கேட்டான் என்று ஜக்கையன் விசாரித்தார். "சூடு சீரா ஏறுதே, ஜக்கையன் வெத்தலய விட்டுட்டாரான்னு கேட்டாக," என்றாள். அவர் துப்பிவிட்டு வந்து, மாப்ளைக்கு நக்கல் கூடிப்போச்சு என்றார். அந்தப் பனிக்காலம் முழுக்க அடுப்பு எரிந்தது. கோடு அறுபடவில்லை.

மாசியில் கடைசிப் பறிப்பும் முடிந்தது. கடைசிச் சாம்பிளுக்காக ஒரு சாயங்காலம் நான் போனபோது அடுப்பை அள்ளிச் சாம்பலைக் கொட்டிவிட்டிருந்தார்கள். தட்டுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஜக்கையன் கீழே இறங்க மூட்டை கட்டி வைத்திருந்தார். சிக்னல் ஒருநாளும் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது. திரையில் பதினெட்டு என்று காட்டியது. மலையின் வெறும் குளிர். கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

"இனி ஆடி பொறக்குற வரைக்கும் இப்பிடித்தான் கெடக்கும்," என்றாள் சுசித்ரா. "அங்கன அவுக என்னத்தப் பாப்பாக?"

"ஜீப்பு வந்துருச்சு. கதவப் பூட்டாத்தா," என்றார் ஜக்கையன்.

அவள் பூட்டவில்லை. காலி அறைக்குள் போனாள். ஒயரின் நுனியில் தொங்கிய குமிழை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். வாசலில் இருந்த திரையில் பதினெட்டு இருபதானது. இருபத்துநான்கு. இருபத்தொன்பது. படுத்திருந்த கோடு தலையைத் தூக்கியது. முப்பத்துமூன்றில் நின்றது.

"அடுப்பே இல்ல, எப்பிடி ஏறுது?" என்று கேட்டபடி ஜக்கையன் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். நானும் எழுந்தேன்.

ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. உயர்த்திப் பிடித்திருந்த வலது கை வலித்திருக்க வேண்டும். இடது கையைக் கொண்டுவந்து வலது கையின்மேல் பொத்தி, குமிழில் துளி காற்றும் படாதபடி, வலது விரல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.