அரை மார்க்கும் நானூறு நெல்லும்

நூறு நெல்லை எண்ணி ஈரத்தாளில் பரப்பிச் சுருட்டி நிறுத்துகிறார் விண்ணரசி. அடுத்த நூறு. அதற்கடுத்த நூறு. தஞ்சாவூர் விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஒரு மூட்டை விதை தேறுமா என்று சொல்ல நாலு சுருள் வேண்டும். நாலிலும் முளைத்த எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் மறுபடி முதலிலிருந்து. அவசரப்படும் வியாபாரியிடம், "ஒரு சுருளப் பாத்துச் சொல்றதுக்கு நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? பதினாலு நாள் கழிச்சு வாங்க" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. சுண்டல் வாங்கினாலும் எண்ணித்தான் சாப்பிடுவார். முளைப்பதைப் பார்க்கச் சம்பளம் கொடுக்கிறார்களே என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தோஷம் உண்டு.

வருடா வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வு முடிந்த அடுத்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும், அந்த வினாத்தாளை வைத்துக்கொண்டு தானும் எழுதுவார். மூன்று மணி நேரம் வீட்டில் மிக்சி ஓடக்கூடாது. தொண்ணூற்றொன்றில் அன்றைய நுழைவுத் தேர்வை எழுதி, அரை மார்க்கில் டாக்டர் படிப்பை விட்டவர். இடமில்லை என்று வந்த கடிதம் இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது. பிற்பாடு அந்தத் தேர்வையே எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க் போதும் என்றார்கள். அப்புறம் நீட் வந்தது. "நடுவுல பரீட்சையில்லாம சேந்த டாக்டர்கிட்டதான் பிரஷர் பாக்குறேன். நல்லாத்தான் பாக்குறாரு" என்பார்.

இந்த ஆனியில் மகள் ஜூலியட்டுக்கு மூன்று மார்க்கில் இடம் போயிற்று. இது இரண்டாம் முறை. முடிவு வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லம்மா" என்றாள்.

அந்தச் சொல் விண்ணரசியைச் சுட்டது. தன் நோட்டை எடுத்து அவள் முன் போட்டார். மகளுக்குத் துணையாக இந்த வருடம் நாலு ஞாயிறு, நாலு மாதிரித் தேர்வு எழுதியிருந்தார். 431, 398, 447, 412.

"இதுல எதுடி நான்? அதே தலை, அதே காப்பி. அம்பது மார்க்கு ஆடுது. மூணு மார்க்க வச்சு ஒன்ன லாயக்கில்லன்னு எப்புடிச் சொல்றது? நெல்லுக்கே நாலு சுருள் போடுறோம்."

ஜூலியட் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஒன்னோட அரை மார்க்கு?"

முப்பத்தைந்து வருடத்தில் விண்ணரசி தன்னிடம் அதைக் கேட்டுக்கொண்டதேயில்லை. எழுந்துபோய்ப் பைபிளைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஆடிப் பட்டத்துக்கு வாங்கிவைத்த அவரை விதை முளைக்குமா என்று எப்படியும் பார்த்தாக வேண்டும். கடிதத்தில் தண்ணீர் தெளித்தார். பத்து விதையைப் பரப்பிச் சுருட்டி டம்ளரில் நிறுத்தினார்.

ஜூலியட் உள்ளே போனாள். தன் மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து குழாயில் நனைத்தாள்.

"இது ரெண்டாவது சுருள். பத்து எண்ணிக் குடும்மா" என்று அதை அம்மாவின் முன் விரித்தாள்.