ஏறும்வரை பொறுத்தவர்

அனுப்பிரியாவுக்குத் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பேசி, சாம்பிள் அனுப்பி, நூல் வாங்குவதிலிருந்து சரக்கு கப்பலேறுகிறவரை பின்னாலேயே ஓடவேண்டும். ஆனால் ஆபீஸில் அவளுக்கு இன்னொரு பேர் உண்டு, 'மார்க்கெட் அக்கா'. மற்றவர்கள் போனஸை ஏலச்சீட்டிலும் நகையிலும் போட்ட காலத்திலேயே மியூச்சுவல் ஃபண்டில் போட ஆரம்பித்தவள் அவள். மகள் தரணியின் படிப்புக்கென்று மாதம் தவறாமல் போட்டுவந்தாள்.

அவள் கணவர் லிங்கசாமி ராயபுரத்தில் பத்துப் பவர் டேபிள் தையல் மெசின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்கு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பங்குச்சந்தை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊரடங்கு வந்து திருப்பூரே பூட்டிக் கிடந்தபோது, போட்டதில் மூன்றில் ஒரு பங்கு கண்ணெதிரே கரைந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மிச்சத்தையாவது எடுத்துரலாமா அனு?"

"ஒரு வருசம் மழை பேயலைன்னு நட்ட தென்னையப் புடுங்குவாங்களாங்க? கெடக்கட்டும் உடுங்க."

அடுத்த வருடமே விட்டதெல்லாம் திரும்பி, மேலேயும் ஏறியது. பயந்து விற்றவர்கள் வயிறெரிந்தார்கள். லிங்கசாமி டீக்கடையில் நின்றுகொண்டு, "எங்கூட்டு நிதி மந்திரிங்க அவ" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். அதற்குப் பிறகு பண விஷயத்தில் அவள் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு.

தரணி கோயமுத்தூரில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்த வருடம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பிருந்தே மார்க்கெட் சரியத் தொடங்கியது. இந்தத் தடவை ஒரேயடியாக விழவில்லை. பழைய சுவரில் காரை உதிர்கிறமாதிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. பொங்கல் தாண்டியும் நிற்கவில்லை. ஆபீஸில் செக்கிங் பகுதியில் இருந்த, அவளைப் பார்த்து ஃபண்டில் போட்டிருந்த நதியா, சிவகங்கைப் பக்கத்துப் பெண், மத்தியானம் ஓடிவந்து, "யக்கா, எடுத்துறட்டுமா? பயமா இருக்குக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாத" என்றாள் அனுப்பிரியா. வீட்டிலும் அதையே சொன்னாள்.

"இப்ப கை வெச்சா நட்டம் நட்டந்தானுங்க. பொறுத்திருந்தா தானா ஏறும். அதுவரைக்கும் என்ன வந்தாலும் அதைத் தொடக்கூடாது."

லிங்கசாமி தலையை ஆட்டினார். அப்போதே அவர் குரல் கம்மியிருந்தது.

அவள் கவனிக்காமலில்லை. மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். "டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். "பஞ்சுத் தூசி அனு. மெசின் சத்தத்துல கத்திக் கத்தி இப்பிடி ஆயிருச்சு" என்பார். தைக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தத் தொண்டைக்கட்டு உண்டு. அவளும் நம்பினாள். அந்த மாதங்களில் அவள் கண்ணெல்லாம் போனில் ஓடுகிற சிவப்பு எண்களிலேயே இருந்தது.

வெயில் காலம் முடிகிற சமயம் மார்க்கெட் தேறியது. ஒரு சாயங்காலம், விட்ட இடத்தை அநேகமாகத் தொட்டுவிட்டது என்று தெரிந்ததும், வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஏறிருச்சுங்க! போனதெல்லாம் வந்துருச்சு!"

லிங்கசாமி ஒரு துண்டை எடுத்தார். வாயில் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடின்னா இப்ப எடுக்கலாமா?"

"எதுக்குங்க?"

"மாசியிலயே ஒரு டாக்டர்கிட்டப் போனேன் அனு. தொண்டைல என்னமோ இருக்குதாமா. கோயமுத்தூர் போயி சதை எடுத்துப் பாக்கோணும்னாரு." பாதி காற்றாகத்தான் வந்தது குரல். "பெரிய செலவாகும்னாங்க. மெடிக்கல் பாலிசியும் போன வருசம் கட்டாம உட்டுட்டேன், ஆர்டர் இல்லாத நேரம் பாரு. அதைச் சொல்ல வாய் வரல. நீயும் இப்பத் தொட்டா நட்டம்னு சொன்னியா... ஏறட்டும்னு இருந்துட்டேன்."

மைசூர்பாகுப் பெட்டி அவள் மடியில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அது உங்களுக்குச் சொன்னதாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவர்தான் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினார்.

மறுநாளே செலவுக்கு வேண்டியதை விற்றாள். நல்ல விலைதான் கிடைத்தது. புற்றுநோய்தான் என்று கோயமுத்தூரில் குரல்வளையை எடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியே மூச்சு. ஆடி முடிகிறபோது அமெரிக்கா வரியைக் கூட்ட, ஆர்டர்கள் நின்றன. பவர் டேபிள்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அவை போவதை லிங்கசாமி வாசலில் நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயசைத்தார், சத்தம் வரவில்லை. ஐப்பசியில் நோய் நுரையீரலுக்குப் போனது. கார்த்திகையில் அவர் இறந்தார்.

அனுப்பிரியா டாக்டரிடம் மட்டும் கேட்டுப் பார்த்தாள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்மா. நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார் அவர். அந்த நிச்சயமின்மை அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் முழுதாக இல்லை. நாளுக்கொரு மாதிரி இருந்தது.

மறுபடி வேலைக்குப் போனாள். நதியா வழக்கம்போல வந்து, "யக்கா, இன்னும் போடலாமா?" என்று கேட்டபோது, "எனக்குத் தெரியல நதியா, வேற யாரையாச்சும் கேட்டுக்க" என்றாள். மிச்சமிருந்த ஃபண்டில் ஒரு பகுதியை எடுத்துத் தரணியின் படிப்புக்கென்று வங்கியில் வைப்பாகப் போட்டாள். மீதியை அப்படியே விட்டாள். அது ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதில்லை.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த தரணி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நீ கோவிச்சுக்குவேன்னு அப்பா பயந்தாரா?"

"இல்ல கண்ணு. பயந்திருந்தாப் பரவால்லையே. என்னைய நம்புனாரு."

தரணி உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.