தன்னையே குறை சொல்லப் போன மாப்பிள்ளை

என் தம்பி காசிமாயனுக்குப் பெண்களிடம் பேசத் தெரியாது என்று சொன்னால் மதுரையில் பாதிப் பெண்கள் என்னை அடிக்க வருவார்கள். பதினோரு வருஷமாக ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கிறான். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பெண்களோடு பேச்சு. பட்டைப் பிரித்து, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுவான். மீசை வைத்த ஆம்பளை சேலை போர்த்தி நிற்கிறானே என்று ஒருத்திகூடச் சிரித்ததில்லை. "இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா. அது வேணாம், ரெண்டு தடவை துவைச்சா வெளுத்துரும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்பான். அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவனுக்கு லீவு என்றால் மறுநாள் வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு.

எல்லாம் அந்த 'அக்கா'வில் இருந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை வந்தாலும் அக்கா, அறுபது வயதுக்காரி வந்தாலும் அக்கா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அவனுக்குக் கூச்சமே கிடையாது. அதை எடுத்துவிட்டால் ஆள் காலி. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி மணி என்ன என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் கையை நீட்டி வாட்சைக் காட்டிவிட்டு வந்தவன் இவன். நான் அவன் கூடப் பிறந்த அக்கா. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முப்பத்துமூன்று வயது ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே கவலை, கல்யாணம் ஆகவேண்டும். எனக்குக் கவலை வேறு. எப்படியாவது பிடித்துக் கட்டிவைத்துவிடலாம். அதற்கப்புறம் அந்தப் பெண்ணோடு இவன் என்ன பேசுவான்? ஒரே வீட்டில் இரண்டு பேர் வாட்சைக் காட்டிக்கொண்டு காலம் தள்ள முடியுமா?

முதலில் திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பாந்தமாக இருந்தாள். காபித் தட்டோடு வந்து இவன் முன்னால் குனிந்தாள். கடையில் பேசிப் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. "குடுங்கக்கா" என்றான்.

வீடே கேட்டது. பெண்ணின் சித்தப்பா ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, காபி மூக்கில் ஏறி, கொல்லைப் பக்கம் ஓடினார். அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளை அக்கா என்று அழைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை அம்மா பேசவில்லை. வந்து சேர்ந்த பிறகு பேசியதை இங்கே எழுத முடியாது.

அடுத்து அதே கடையில் ஆண்கள் பிரிவில் வேலை பார்க்கும் சூர்யபிரகாஷ் இவனைக் கையில் எடுத்தான். அவன் செல்போனில் வீடியோ பார்த்தே பெண்களைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டவன். "மாப்ள, நெஞ்சை நிமித்தி உக்காரு. பல்லைக் காட்டாத. பொண்ணு ஏதாச்சும் கேட்டா ஒடனே பதில் சொல்லிராத. மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுச் சொல்லு. அப்பத்தான் கெத்து" என்று ஒரு வாரம் பாடம் எடுத்தான். இவனும் அதை மனப்பாடம் செய்துகொண்டு அவனியாபுரத்தில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தான். அந்தப் பெண் தைரியமாக, "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இவன் விறைப்பாக அவளைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. "பி.காம்." என்றான். "எந்தக் காலேஜு?" ஒன்று, இரண்டு, மூன்று. நான் அடுப்படிப் பக்கம் போனபோது பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து, "தப்பா நினைச்சுக்காதம்மா, தம்பிக்குக் காது கொஞ்சம் மந்தமா?" என்று கேட்டார். அந்த இடமும் போயிற்று.

அன்றைக்கு இவன் என்னிடம், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. பொண்ணு பாக்குறதுன்னாலே ரெண்டு நாளைக்கு முன்னாடியே கடையில கேக்குற சேலைய விட்டுட்டு வேற சேலைய எடுத்துப் போடுறேன்" என்றான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா விடுகிற ஆள் இல்லையே.

மூன்றாவது வீடு செக்கானூரணியில். பெண்ணின் அப்பா முத்திருளன், கிணற்றுப் பாசனத்தில் விவசாயம். பெண் தாமரைச்செல்வி, ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் படிப்பு முடித்தவள். ஒரு புதன்கிழமை இவனுக்கு அரைநாள் லீவு சொல்லவைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, அம்மாவும் நானும் இழுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸில் வழி முழுக்க உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

காபி வந்தது. இவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான். அந்த மட்டும் தப்பித்தோம். அப்புறம் முத்திருளன், "தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னா மாடிக்குப் போயிட்டு வாங்க தம்பி" என்றார். இவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அறுக்கப் போகிற ஆடுகூட அப்படிப் பார்க்காது. துணைக்கு ஆள் வேண்டும் என்று நானும் எழுந்து போய், மாடிப்படியில் மேல் படிக்கு நாலு படி கீழே உட்கார்ந்துகொண்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. காது இருந்தது, கேட்டது.

முதல் இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. கொடியில் காய்ந்த துணி படபடத்தது மட்டும்தான். சரி, இதுவும் போச்சு என்று நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது என் தம்பியின் குரல் கேட்டது. கடையில் பேசுவானே, அந்த இதமான குரல்.

"உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லதான?"

வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லாட்டிப் பரவால்ல. கடையில நிறையப் பாத்துருக்கேன். மாமியார் ஒரு சேலைய எடுத்து வச்சு, நல்லா இருக்குல்லம்பாங்க. பொண்ணும் நல்லாருக்குன்னு சொல்லும். ஆனா கை மட்டும் சேலையத் தொடாது. நீங்களும் காபியக் குடுத்ததும் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டீங்க."

அவள் கேட்டாள். "அப்ப கடையில என்ன செய்வீங்க?"

"அம்மா, இதுல நூல் இழுத்துருக்கு, டேமேஜு, நாங்க தரமாட்டோம்னு சொல்லி எடுத்து உள்ள வச்சுருவேன். பொண்ணு மேல பழி வராது. மாமியாருக்கும் மனசு சங்கடம் இல்ல. கடையத்தான் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்."

"இப்ப இங்க யாரு டேமேஜு?"

"நாந்தான். கீழ போயி என் மேலதான் குறைன்னு நானே சொல்லிக்கிறேன். உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை கிடைத்திருக்கிறதாம். லெட்டர் வந்து ஒன்பது நாள் ஆகிறதாம். வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுவதால் யாரிடமும் சொல்லாமல் பீரோவுக்குள் வைத்திருக்கிறாளாம். ஒன்பது நாளாகச் சரியான தூக்கம் இல்லையாம்.

"அம்புட்டுத்தான? கவலைய விடுங்க" என்றான் இவன்.

அதற்கப்புறம் இருவரும் கீழே வந்திருக்கவேண்டும். வரவில்லை. இனி யாரும் யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று முடிவானதும் இரண்டு பேருக்கும் நாக்கு அவிழ்ந்துவிட்டது. ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது யார் அதிகம் பயப்படுவார்கள் என்று இவன் கேட்டான். "மீசைய முறுக்கிக்கிட்டு வாரவரு இருக்காரே, அவருதான் மொதல்ல கண்ண மூடுவாரு. ஒருத்தரு என் கையப் பிடிச்சுக்கிட்டு அம்மாங்கிறாரு" என்றாள் அவள். இவன் வாய்விட்டுச் சிரித்தான். பெண்கள் சேலை எடுக்கும்போது கூட வந்த புருஷன்மார்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குவதை இவன் குறட்டை விட்டே நடித்துக் காட்டினான். அவள் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் ஒரு தடவைகூட இவன் வாயில் அக்கா வரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கீழே வந்தோம். இவன் முத்திருளன் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினான்.

"ஐயா, பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எனக்குக் கடை வேலை. காலையில போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு. தீவாளி, பொங்கல்னு ஊரே வீட்டுல இருக்கையில நான் கடையில நிப்பேன்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். முத்திருளன், "உழைக்கிற பிள்ளைன்னு சொல்லுங்க" என்றார்.

இவன் இதை எதிர்பார்க்கவில்லை. "தரகரு சொந்த வீடுன்னு சொல்லிருப்பாரு. இல்லைங்கய்யா, வில்லாபுரத்துல வாடகைக்குத்தான் இருக்கோம்."

"பாத்தியா?" என்று முத்திருளன் தன் மனைவியிடம் திரும்பினார். "எந்த மாப்பிள்ளை வீட்டுல இப்படி உள்ளதச் சொல்றாக?"

இவனுக்கு வியர்த்துவிட்டது. கடைசி ஆயுதமாக வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். "நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிச்சுங்கய்யா. இது இன்னும் கூடத்தான் செய்யும்."

முத்திருளன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு தன் வேட்டியைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். "இங்க பாருங்க மாப்ள, எனக்கு இருபது வருஷமா இருக்கு. ஒண்ணும் ஆகல. காலையில கொஞ்சம் நடந்தாப் போதும்."

இதுவரை 'தம்பி' என்றவருக்கு இவன் இப்போது 'மாப்ள' ஆகிவிட்டான். குறை சொல்லச் சொல்லச் சம்பந்தம் கெட்டியாகிக்கொண்டே போனது. என் தம்பி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். கொடுத்த வாக்கு கை நழுவுகிறதே என்கிற தவிப்பு அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நிலைப்படியில் சாய்ந்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த தாமரைச்செல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, அவரு மேல ஒரு குறையும் இல்ல. எனக்காகத்தான் இப்படிப் பேசுறாரு. எனக்குக் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. நான் போகணும். இப்பக் கல்யாணம் வேணாம்."

முத்திருளன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பக் கிடைச்சுச்சு?"

"ஒம்பது நாளாச்சு."

"ஒம்பது நாளா எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க யாருமே என்னைக் கேக்கலப்பா. இவருதான் கேட்டாரு."

அந்த மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டார். கத்தப் போகிறார், எங்களையும் சேர்த்து வெளியே அனுப்பப் போகிறார் என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவர் மகளைப் பார்த்து, "லெட்டரை எடுத்துட்டு வா" என்றார். வந்ததும், கண்ணாடி இல்லை என்று சொல்லி அதை என் தம்பியிடம் நீட்டினார். இவன் நிறுத்தி நிதானமாகப் படித்தான். சேரவேண்டிய தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"தங்குறதுக்கு எடம் குடுக்கிறாகளா, பாருங்க."

"லேடீஸ் ஹாஸ்டல் உண்டுன்னு போட்டுருக்குங்கய்யா."

"சரி" என்றார் அவர். அந்தச் சரியைக் கேட்டதும் தாமரைச்செல்வி அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். சம்பந்தம் முறிந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் எங்களை இலை போட்டு உட்கார வைத்தார்கள். கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து, "நல்லாருங்க" என்று இவனிடம் சொன்னாள். "நீங்களும்" என்றான், நேராக அவள் முகத்தைப் பார்த்து.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இவன் பக்கத்தில். நாகமலை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணை ஒனக்குப் பிடிச்சிருந்துச்சாடா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏண்டா நீயா வலியப் போயி இப்படிச் செஞ்ச?"

"அவங்களுக்கும் பிடிக்கணும்ல" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பயமே இல்ல. இல்லைன்னு சொல்லுவாங்களோன்னுதான இத்தன நாளும் செத்தேன். சொல்லிட்டாங்க. ஒண்ணும் ஆகல."

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலேயே, "சோழவந்தான்ல ஒரு எடம் இருக்குன்னு தரகரு சொன்னாரு. நீதான் பொண்ணு பாக்கவே வரமாட்டேன்னுட்டியே" என்றாள்.

"வாரேன்மா" என்றான் என் தம்பி. "என்னைக்குன்னு சொல்லு, லீவு கேக்கணும்."

அம்மா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கு எந்தப் பெண் அமைவாள் என்று எனக்குத் தெரியாது. அமைகிறவள் கொடுத்து வைத்தவள் என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.