சுடாத கை

சிங்கப்பூரில் தும்மினால் "நூறாயுசு" என்று சொல்ல ஆளில்லை. வேலையை விட்டு வீட்டுக்கு விரட்டுகிறார்கள். நேற்று பட்டறையில் இரண்டு முறை தும்மினேன். சீன மேஸ்திரி மலாயில் "தேமாம்?" என்றான். ஜுரமா என்று கேட்கிறான். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, போய்ப் படு என்று சைகை காட்டினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பளத்தை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, "காஜி அடா, காஜி அடா" என்று முதுகில் தட்டினான். கூலி உண்டாம். கூலிக்கா அழுதேன்! அந்தக் கை பட்டதும் ராமுலுவின் கை ஞாபகம் வந்து தொலைத்தது.

போன விடுமுறையில் எங்கள் ஊர் நகரிக்குப் போனபோது கப்பலிலேயே எனக்கு ஜுரம். மெட்ராஸ் துறைமுகத்தில் டாக்டர் கேட்டார், இல்லை என்றேன். தனியாகக் கொண்டுபோய் அடைத்துவிட்டால் விடுமுறை போய்விடுமே! எங்கள் நெசவாளர் தெருவில், கடல் தாண்டி வந்தவன் ஒவ்வொரு வீட்டிலும் ஏறி ஒரு வாய் காபியாவது குடித்தாக வேண்டும். குடித்தேன். இருமிக்கொண்டே குடித்தேன். பத்து நாளில் தெருவே படுத்துவிட்டது. தறிச் சத்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பி, தாழ்வாரத்தில் பாய் விரிக்கவும் இடமில்லை. கம்பவுண்டரே ஜுரத்தில் விழுந்தார். சித்தூருக்குப் போனவர்களும் அங்கே இதைவிடக் கூட்டம் என்று திரும்பி வந்தார்கள்.

யார் கொண்டுவந்த ஜுரம் இது என்ற பேச்சு கிளம்பியது. ஆந்திரா பிரிந்து, எல்லையை எங்கே போடுவது என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். திருப்பதியிலிருந்து ரயிலில் எங்களுக்கு நூல் கொண்டுவரும் ராமுலு தெலுங்குக்காரர். போதாதா?

"அவந்தான் ஜொரத்த எத்துக்கினு வந்தான்" என்றார் நைனா, என் அப்பா, படுத்த இடத்திலிருந்தே.

அடுத்த முறை நூல் சிப்பத்தோடு வந்தவரைத் தெருமுனையிலேயே மறித்தார்கள்.

"நாகு ஜொரமே ராலேதய்யா! எனக்கு ஒண்ணும் இல்ல. தம்பி, நீ நாலு ஊரு பாத்தவன். தொட்டுச் சொல்லு" என்று என்னிடம் கையை நீட்டினார்.

தொட்டேன். சில்லென்று இருந்தது. தெருவே என் வாயைப் பார்த்தது. இவர் இல்லை என்றால், பின்னே யார் என்று கேட்பார்களே!

"கொஞ்சம் சுடுது" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். என் முகத்தையே பார்த்தார். பிறகு சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார். ஜுரம் இறங்கிய பிறகும் நூல் இல்லாமல் தறிகள் சும்மா கிடந்தன. நெய்தவர்கள் கல் உடைக்கப் போனார்கள். நான் கப்பலேறிவிட்டேன்.

நைனா எழுதியிருக்கிறார்: "நீ சொன்னதாலதான் அவன உள்ள உடல. தெருவே உன்ன கும்புடுது." தூ! கும்பிடுகிறதாம்! நகரியில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஜுரத்தைக் கொண்டுவந்தவன் நான். ராமுலுவின் கை சுடவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன். மெட்ராஸிலிருந்து திருப்பதிக்கே டிக்கெட் எடுக்கப்போகிறேன். அவரைப் பார்க்காமல் என் ஊர் மண்ணை மிதிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வண்டி திருப்பதிக்கு முன்பே நகரியில் நிற்கும். பிளாட்பாரத்தில் யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.