ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள்

அபிதகுஜாம்பாளுக்கு வந்த நோயைவிட, அதைப் பற்றி மற்றவர்கள் பேசிய பேச்சுதான் அவளை அதிகம் படுத்தியது. தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் பிரிவில் வேலை பார்த்தவள். போன் ஊமையாகிப்போன கோபத்தில் கத்துகிறவர்களிடம் வருஷக்கணக்காகப் பொறுமையாகப் பேசிப் பழகியவள். அந்தப் பொறுமை மொத்தமும் இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்தில் தீர்ந்துபோனது.

ஆரம்பம் ஒரு கல்யாண வீட்டில். எல்லாருக்கும் நலங்கு வைத்துக்கொண்டிருந்த மகள் ப்ரியா, அம்மாவின் இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, அடியில மை கொட்டின மாதிரி?" என்றாள். தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. மருத்துவமனையில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய் என்றார்கள். மெலனோமா என்று பெயர். மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை, ரொம்ப ஆரம்பம் என்று டாக்டர் ஹேமநாத் சொன்னார். அந்த இடத்தைச் சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வேறு ஊசி, மருந்து எதுவும் தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், வீட்டிலும் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

"நல்லா வெயில்ல நின்னீங்களா மேடம்?" என்று ஆபீசில் கேட்டார்கள். வந்தது உள்ளங்காலில். அவள் என்ன, தலைகீழாகவா நின்றாள்? "இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும்" என்றார் எதிர் வீட்டுக்காரர், அவள் ஏதோ பொய் சொல்லி லீவு போட்டதைப் போல. கணவர் தட்சிணாமூர்த்தி சேலையூரில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவருக்கு விடை வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. "எடுத்தாச்சு இல்ல? அப்புறம் என்ன கவலை?" என்பார். குன்றத்தூரிலிருந்து வந்த நாத்தனார் காமு இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"உங்களுக்காக முருகனுக்கு வேண்டிக்கிட்டேன் அண்ணி. வெறுங்காலோட மலைப்படி ஏறி வந்துடுங்க, எல்லாம் சரியாயிடும்."

"தோல் ஒட்டின கால் காமு. வெறுங்காலோட ஏறட்டுமா?"

"மெதுவா ஏறலாமே!"

புண் ஆறியது. செருப்பு போட முடிந்தது. மறுபடியும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். ஆனால் ஒவ்வொரு நாளும் குளித்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விரலிடுக்கு, நகம், உள்ளங்கை எல்லாம் பார்ப்பாள். கொசு கடித்த தடிப்புக்கூட அவளை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. ஆபீஸ் பாத்ரூமில் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவி அந்த இடமே வலித்தது. வலிக்கிறதே என்று மறுபடி பயந்தாள். தன்மீதே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் தட்சிணாமூர்த்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"மறுபடியுமா? காலையிலதானே பார்த்தே? டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு அபிதா."

"போன மாசம் சொன்னாரு. இந்த மாசம் யாரு சொன்னா?"

"இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா இல்லாததுகூட வந்துடும்."

அவள் கண்ணாடியைக் கட்டில்மேல் போட்டாள். "உங்களுக்கு ஆபரேஷனோட முடிஞ்சுபோச்சு. எனக்கு அன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. அது புரியலேன்னா வாயைத் திறக்காதீங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு வேளையில்கூட.

மனசு லேசாகும் என்று யாரோ சொன்னதால் புது ஷூ வாங்கி, தெருத்தெருவாக வேகமாக நடக்க ஆரம்பித்தாள். சித்திரை வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். அப்படி வந்து ஷூவைக் கழற்றிய ஒரு காலையில், வலது குதிகால் ஓரத்தில் கருப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். மிளகை நசுக்கித் தூவியதைப் போல. வலது கால்! வெட்டியது இடது காலை. அப்படியானால் இந்தப் பக்கமும் வந்துவிட்டதா?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். ப்ரியாவிடம் சொல்லலாம்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் இன்டர்நெட்டில் தேடி ஒரு கட்டு பிரிண்ட் எடுத்து வருவாள். முன்பு ஒருமுறை அவள் கொண்டுவந்ததைப் படித்துவிட்டுத்தான் ஒரு வாரம் தூக்கம் போனது. புள்ளிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், எண்ணெய் வைத்தாள். அவை அங்கேயே இருந்தன. சமைத்ததில் இரண்டு தடவை உப்பு போட்டாள். நாலைந்து நாள் இப்படிப் போனபிறகு, ஆபீசுக்கு என்று கிளம்பி, நேராக ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா? மூஞ்சி ஒரு மாறி கீது" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒண்ணுமில்லை" என்றாள். சொன்னபிறகு, தானும் அதையேதான் சொல்கிறோம் என்று வெறுப்பாக இருந்தது.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், "உங்க டேட் ஜூன்லதானே மேடம்?" என்றாள். ஜூன் வரைக்கும் இருந்தால் வருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிற்பகல்வரை உட்கார்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

ஹேமநாத் லென்ஸ் வைத்துக் குதிகாலைப் பார்த்தார். பிறகு சின்ன பிளேடால் மேலே காய்ந்திருந்த தோலை மெல்லச் சீவினார். வலிக்கவில்லை. சீவச் சீவப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடியில் சாதாரணத் தோல்.

"இது வெறும் ரத்தம்மா. உரசி உள்ளே கசிஞ்சு உறைஞ்சிருக்கு. புது ஷூ ஏதாவது போட்டீங்களா?"

அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒண்ணுமில்லாததுக்கா சார் என் காலை வெட்டினீங்க? வெட்டினதுக்கப்புறம் நான் எப்படி இருக்கணும்னு யாராவது சொன்னீங்களா? பார்த்துக்கோன்னா என்னத்தைப் பார்க்கறது? எத்தனை தடவை பார்க்கறது? நான் என்ன பைத்தியமா?"

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லலை" என்றார். சிகிச்சை முடிந்த நிறையப் பேருக்கு இந்தப் பயம் வருகிறது, வெளியே சொல்வதில்லை என்றார். மாதத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டு உச்சிமுதல் பாதம்வரை ஒழுங்காகப் பார்க்கச் சொன்னார். மற்ற நாளில் கண்ணாடியைத் தொட வேண்டாம். தானாகக் கண்ணில் பட்டது வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தேதி பார்க்காமல் வந்துவிட வேண்டும். "முதுகை நீங்களே பார்க்க முடியாது. சாரை அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

வீட்டில் சொன்னபோது தட்சிணாமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார்.

அதன்பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல, பார்த்த இடத்துக்கே மறுபடி மறுபடி போவார். அவளுக்குக் கழுத்து வலிக்கும். முதல் தடவையே முதுகில் ஒரு மச்சத்தைக் கண்டு வெலவெலத்துப்போனார். அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது என்று அவள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் இந்த மனிதர் எதைத்தான் பார்த்தார் என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் அந்த இரவு, பயத்தை இன்னொருவரும் கொஞ்சம் சுமக்கிறார் என்ற நினைப்பில் தூங்கிப்போனாள்.

கவலை போய்விடவில்லை. மற்ற நாட்களில் கை கண்ணாடியைத் தேடும். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்துபோய் ஏதாவது வேலை செய்வாள். சில நாள் அது பலித்தது. டாக்டரிடம் போகிற வாரம் மட்டும் யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது. வீட்டில் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு விலகிப்போனார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு நாள் ஹேமநாத் சோதித்து முடித்துச் சிரித்தார். "எல்லாம் சுத்தமா இருக்கும்மா. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

"ஆறு மாசமா? யார் சார் கேட்டா அதை?" என்று அவள் சண்டைக்குப் போனாள். மூன்று மாதமே இருக்கட்டும் என்று வாதாடிப் பார்த்தாள். டாக்டர் அசையவில்லை. வெளியே வந்ததும் தட்சிணாமூர்த்தி, நல்ல செய்திக்கு இப்படியா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது என்றார். கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தார். காபி ஆறிப்போயிருந்தது. அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, சூடாக வேறு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அவள் அங்கிருந்து கிளம்பினாள்.