படலை தாண்டாத கார்

வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தவுடன் முகத்தில் வந்து மோதுகிற அந்தச் சூடான தோல் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மாவுக்கு அறவே பிடிக்காது. எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில், இருக்கை முழுவதும் மாட்டுத்தோலால் தைத்த ஒரு காரை அப்பா கொண்டுவந்து நிறுத்தியபோது, அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உதிலை ஏறி எப்பிடிக் கோயிலுக்குப் போறது?" என்று கேட்டாராம். பிறகு இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தோய்த்து உலர்த்திய வேட்டி ஒன்றைப் பின் இருக்கையில் விரித்து, அதன்மேல் அம்மா உட்காருவார். வேட்டியை விரித்தவுடன் கீழே இருக்கும் தோல் எங்கே போய்விடுகிறது என்று நான் கேட்டதற்கு, "வாயை மூடிக்கொண்டு வா" என்ற விளக்கம் கிடைத்தது. அந்தக் காரால் எனக்கு ஏற்பட்ட குழப்பங்களில் அதுதான் முதலாவது. மற்றவை இன்னும் தீரவில்லை.

அப்பா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது தன் காரை அப்பாவின் கையில் விட்டுவிட்டுப் போனார். அப்பா ஓய்வுபெற்று நீர்வேலிக்கு வந்து வாழைத்தோட்டம் செய்யத் தொடங்கியபோது காரும் கூடவே வந்தது. அப்போது ஊரில் ஓடியவை சின்னக் கார்கள். இரண்டு பேர் தாராளமாக இருந்தால் மூன்றாவது ஆள் கதவோடு ஒட்டிக்கொண்டு போகவேண்டும். எங்களுடையது அப்படியல்ல. முன்பக்கம் மினுக்கிய மரப்பலகை, அதன் நடுவில் மணிக்கூடு, பின் இருக்கையின் நடுவே இழுத்துவிட்டால் கை வைப்பதற்கு ஒரு குட்டி மெத்தை, முன் இருக்கையின் முதுகில் மடித்து விரிக்கிற சின்ன மேசை. துரையும் துரைசாணியும் அதில் கோப்பையை வைத்துத் தேநீர் குடிப்பார்களாம். நாங்கள் திருநீறு மடித்த காகிதச் சரையையும் அர்ச்சனைத் தட்டையும் வைத்தோம்.

அந்தக் காரை அப்பா ஓட்டினார் என்பதைவிட வளர்த்தார் என்பதுதான் சரி. எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அது ரேடியேற்றருக்குள் படிந்தால் கார் கொதித்துப்போகும் என்பதால், மாரி காலத்தில் கூரைப் பீலியால் வடிகிற மழைத்தண்ணீரைத் தகரப் பீப்பாய்களில் பிடித்து, துணியால் வடித்து, மூடி வைத்திருப்பார். வீட்டில் அதற்குக் "கார்த் தண்ணி" என்று பெயர். கோடை முழுவதும் நாங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம், கார் மழைத்தண்ணீரைக் குடித்தது. எங்கள் வயிற்றில் சுண்ணாம்பு படியாதா என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு வருத்தம் வந்தால் வாய் திறந்து சொல்லுவாய். அது சொல்லுமே?" என்றார்.

ஊரில் யாருக்குக் கலியாணம் நடந்தாலும் மாப்பிள்ளை எங்கள் காரில்தான் வருவார். பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவதும் அதில்தான். "எங்கடை கார்" என்று ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் எல்லாம் சொல்லும். முதலில் எனக்கு அது கோபமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வெளிநாட்டுக் கார்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோன காலம் என்பதால், நாள் போகப்போகப் பழையதாகவேண்டிய கார் எங்கள் கண்முன்னே மேலும் மேலும் பெரிய பொருளாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமை நேரே போய்க் கலியாணத் தரகரின் காதில் விழுந்தது.

அக்கா எனக்கு மிகவும் மூத்தவள். எங்கள் இருவருக்கும் இடையில் வேறு பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த வயதில் அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பண்டத்தரிப்பு, கொழும்பில் அரசாங்க உத்தியோகம். சாதகம் பொருந்தியது, குடும்பமும் பிடித்தது. எல்லாம் பேசி முடித்து எழும்புகிற நேரத்தில் தரகர் சால்வையை உதறியபடி, "கார் ஒண்டும் நிக்குது போலை" என்றார். அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அது பிள்ளைக்குத்தான்" என்றார். அந்த இரண்டு சொல்லில் கார் சீதனமாகிவிட்டது.

எங்கள் ஊர் வழமைப்படி, பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது பெண்ணுடையது. பெற்றவருக்கு அதில் பிறகு பேச்சில்லை. காணியென்றால் இது எவருக்கும் விளங்கும், வேலி போட்டுவிடலாம். ஆனால் கொழும்பில் ஒரு மாடிவீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்த அத்தானுக்குக் காரை நிறுத்த ஒரு முழ நிலம்கூட இல்லை. "இப்போதைக்கு இஞ்சையே நிக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். கார் எங்கேயும் போகவில்லை, முற்றத்து ஓரத்தில் அதே ஓலைக் கொட்டிலில்தான் நின்றது. ஆகவே எதுவும் மாறவில்லை என்று நான் நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அப்பா சைக்கிளை எடுத்தார்.

கார் பழுதா என்று கேட்டேன். இல்லை என்றார். பெற்றோல் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். "அது உன்ரை அக்காவின்ரை கார். நாங்கள் எடுத்து ஓடக்கூடாது. குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார். போன மாதம்வரை எங்களுடையதாக இருந்த கார், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு எப்படி எங்களுடையதல்லாமல் போயிற்று என்று சைக்கிள் பாரில் குந்தியிருந்து வழி முழுவதும் யோசித்தேன். தலைதான் சுற்றியது.

அதன்பின் எங்கள் வீட்டில் நடந்ததை வேறு எங்கேயும் நான் கண்டதில்லை. அப்பா முன்னரைவிட இரண்டு மடங்கு கவனமாகக் காரைப் பார்த்தார். கழுவினார், மினுக்கினார், மழைத்தண்ணீர் ஊற்றினார். ஓடாமல் நின்றால் ரயர் சப்பையாகிப் பற்றறியும் இறங்கிவிடும் என்று வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரார்ட் செய்து, கொட்டிலிலிருந்து எடுத்து, வீட்டு வளவுக்குள்ளேயே தெருவாசல் படலைவரை ஓட்டி வருவார். படலையில் முன்பக்கம் முட்டுகிறதா இல்லையா என்கிற இடத்தில் நிறுத்தி, பின்பக்கமாகவே மறுபடி கொட்டிலுக்குக் கொண்டுபோவார். பிறகு இறங்கிக் கையைக் கழுவிவிட்டு, நல்லூர்க் கோயிலுக்கு பஸ் பிடிக்க அம்மாவோடு சந்திக்கு நடந்து போவார். ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன அண்ணை, கார் படலையோடை திரும்புது?" என்று வாழைக்குலை லொறிக்காரர் கணபதி ஒருநாள் வெளியே நின்று கேட்டார். "பிள்ளையின்ரை சாமானடாப்பா, பழுதாகாமல் பாக்கத்தானே வேணும்" என்றார் அப்பா. கணபதியண்ணை தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவருக்கும் என்னுடைய குழப்பம்தான் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அம்மாவாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அம்மா இதில் அப்பாவுக்கும் ஒரு படி மேல். "நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரர், குடுத்த காரைத் தாங்களே ஓடித் திரியினம் எண்டு கதைச்சால் பிள்ளைக்கெல்லோ வெக்கம்" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். சம்பந்தி வீட்டுக்காரர் அப்படி எதுவும் கதைத்ததாக நான் அறியவில்லை. அத்தானின் அம்மா, பண்டத்தரிப்பு மாமி, வரும்போதெல்லாம் எனக்கு எள்ளுருண்டை கொண்டுவந்தார். காரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு, கோடையில், ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களை நிலத்தில் இருந்துவிட்டார். முகமெல்லாம் வியர்த்து, பேச வரவில்லை. அப்பா பதறிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த கார்த் திறப்பை எடுத்தார். எடுத்ததை நான் கண்ணால் கண்டேன். அம்மா அந்த வலியிலும் கையை உயர்த்தி, "அவளைக் கேக்காமல் வேண்டாம், இஞ்சேருங்கோ" என்றார். அப்பா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, வாடகைக் கார் பிடிக்கச் சைக்கிளில் சந்திக்கு ஓடினார். சந்தியில் நிற்கிற ஒரே வாடகைக் கார் எங்கேயோ ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தது. கடைசியில் கணபதியண்ணையின் லொறிதான் வந்தது. குலைகளைப் படலையடியில் இறக்கிப்போட்டு, லொறித் தட்டில் வாழைச்சருகு பரப்பி, அதற்குமேல் பாய் விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். லொறி புறப்படும்போது கொட்டிலைப் பார்த்தேன். கார் மினுமினு என்று நின்றது. எனக்கு அதன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கல்லை எடுத்து எறிந்திருப்பேன், அம்மாவின் தலை என் மடியில் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அம்மா பிழைத்துக்கொண்டார்.

தந்தி போய், அக்காவும் அத்தானும் ரயிலில் வந்து இறங்கினார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அக்கா, "காரிலை கொண்டுபோகேக்கை வழியிலை கனக்க நொந்ததோ அம்மாவுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அம்மா லொறியில் போனதையும், சருகு பரப்பியதையும் நான் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கார் நிற்கிறதுதானே என்றாள். அது உன்னுடைய கார், நாங்கள் தொடுவதில்லை என்றேன்.

அக்கா எழும்பி முற்றத்துக்குப் போனாள். அப்பா அங்கே பீப்பாயை மூடிக்கொண்டு நின்றார்.

"அம்மா சாகக் கிடக்கேக்கையும் அதை எடுக்கேல்லையோ அப்பா?"

"குடுத்த சாமான் பிள்ளை. உன்னைக் கேக்காமல் எப்பிடி..."

"என்னைக் கேக்கவோ? நான் ஆர்? அயலட்டைச் சனமோ?" அவள் அழுதுவிட்டாள். "நீங்கள் காரைத்தான் குடுத்தனியள் எண்டு நினைச்சன். என்னையும் சேத்துக் குடுத்துப்போட்டியளோ?"

அப்பா பீப்பாயின் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். தோட்டத்தில் நூறு பேருக்குக் கட்டளையிட்டவர் என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த மூடியைப் பீப்பாயில் சரியாகப் பொருத்தவே அவருக்கு வெகுநேரம் எடுத்தது. அக்காவுடைய மானத்தைக் காப்பதாக நினைத்துத்தான் அவர் அத்தனையும் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெற்ற அப்பாவே தன்னைப் பிறத்தியாளாக்கிவிட்டார் என்று அவள் அழுததில் நியாயம் இருந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அத்தான் மெல்ல இடையில் வந்து, அம்மாவைக் கூட்டிவருகிற அன்று காரிலேயே போவோம் என்றார். "அப்ப நீங்கள் ஓடுங்கோ தம்பி, உங்கடை கார்தானே" என்றார் அப்பா. அத்தான் நெளிந்தார். "எனக்கு ஓடத் தெரியாது மாமா" என்றார். கார் சீதனம் வாங்கின மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது என்ற விஷயம் அன்றுவரை எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது; எவரும் கேட்கவுமில்லை. அக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள். நான்தான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தேன்.

அதன்பின் அப்பா காரை ஓட்டினார்தான். ஆனால் பழைய மாதிரி அல்ல. எங்கே போனாலும் அக்காவுக்கு அறிவிப்பார். அக்கா அதற்கு ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிப்பாள். எழுபதுகளின் கடைசியில் நாடு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் யப்பான் கார்களும் வான்களும் ஊரை நிறைத்தன. எங்கள் காருக்கு ஒரு சாமானும் கிடைக்கவில்லை. விற்பீர்களா என்று பலர் கேட்டு வந்தார்கள். பிள்ளையின் கார், அவள்தான் சொல்லவேண்டும் என்பார் அப்பா. அப்பாவின் கார், அவர் இருக்கும்வரை நான் விற்கச் சொல்லமாட்டேன் என்பாள் அக்கா. இரண்டு பேரும் தங்களுடையதில்லை என்று சொன்ன கார் கொட்டிலிலேயே நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா காலமானார். அதற்கடுத்த ஆண்டு நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோதும் அது அங்கேதான் நின்றது. பிறகு வந்த யுத்தத்தில் அதற்கு என்ன நடந்தது என்று சொல்ல இப்போது அந்த ஒழுங்கையில் ஆளில்லை. வீடும் இல்லை, கொட்டிலும் இல்லை, அதைத் தன்னுடைய கார் என்று சொன்ன சனமும் இல்லை.

இப்போது நான் கனடாவில் என் மகளோடு இருக்கிறேன். வசதியான வீடு, எனக்கென்று தனி அறை. போன மாரியில் ஒருநாள் அவள் வேலையிலிருந்து வரும்போது, நான் குளிர்ச்சட்டைக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி இருந்தேன். ஏன் ஹீற்றரைக் கூட்டவில்லை என்று கேட்டாள். "நீ வந்தாப்போலை கேட்டுப்போட்டுக் கூட்டுவம் எண்டு இருந்தனான் பிள்ளை" என்றேன்.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னம்மா இது? நான் ஆரோ பிறத்தியே உங்களுக்கு?" என்றாள்.

இல்லை என்று சொன்னேன். அவளைக் கட்டிப்பிடித்தும் சொன்னேன். என்றாலும் அடுத்த நாள் குளிர்ந்தபோது, அவள் வேலையிடத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஹீற்றரில் கை வைத்தேன்.